வீட்டுக் கணனியும் கட்டாய இற்றைப்படுத்தலும்: ஒரு வரலாற்று நோக்கு

'தனியாட் கணனி' என்னும் தொடர் வழக்குக்கு வந்தமை வெறும் பெயரளவிலான மாற்றம் அன்று. 1950களிலும் 1960களிலும் கணனி என்பது பல்கலைக்கழகங்களுக்கும் அரச திணைக்களங்களுக்கும் பெரு நிறுவனங்களுக்கும் உரிய பொருளாகவே இருந்தது. அதனைப் பயன்படுத்தியோர் அதன்மீது உரிமை கொண்டோர் அல்லர். தமக்கு வேண்டிய கணிப்பை அட்டைகளிலே துளையிட்டுக் கொடுத்துவிட்டு, இயக்குநரின் கையிலிருந்து விடை வரும்வரை அவர்கள் காத்திருந்தனர். 1977இல் அப்பிள் II, 1982இல் கொமடோர் 64 முதலியன வீடுகளுட் புகுந்தபோது மாறியது இவ்வுறவேயாகும். பொறியை எப்போது இயக்குவது, எப்போது அணைப்பது, அதனுள் எதனை ஏற்றுவது என்பவற்றை விலைகொடுத்து வாங்கியவரே தீர்மானித்தார். கொமடோர் 64இன் பணிசெயல் முறைமை, வாசிக்க மாத்திரம் கூடிய நினைவகச் சில்லுகளிலே பொறிக்கப்பட்டிருந்தது. அதிலே ஒரு வழு இருப்பின் அவ்வழு பொறியின் ஆயுள் முழுவதும் இருந்தது. அதனைத் திருத்தவேண்டும் எனத் தயாரித்தவர் விரும்பினாலும், விற்றுவிட்ட பொறிக்குள்ளே கைவைப்பதற்கு அவருக்கு வழி எதுவும் இருக்கவில்லை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னர், 2015 ஜூலை 29ஆம் நாள் வின்டோஸ் 10 வெளியானபோது இந்நிலை முற்றிலும் தலைகீழாயிற்று. வீட்டுப் பாவனைக்கென விற்கப்பட்ட பதிப்பிலே இற்றைப்படுத்தலை மறுக்கும் தெரிவே வழங்கப்படவில்லை. மேலதிக அறிவித்தல் எதுவுமின்றி மாற்றங்கள் தாமாகப் பதிவிறக்கப்பட்டு நிறுவப்படுவதற்குப் பயனர் உடன்படுகின்றார் என உரிம உடன்படிக்கை கூறிற்று. கட்டுரை எழுதிக்கொண்டிருந்த மாணவர், கணக்கு முடித்துக்கொண்டிருந்த வணிகர், இரவு முழுவதும் ஓடவேண்டிய கணிப்பை ஏற்றிவிட்டு உறங்கச் சென்ற ஆய்வாளர் ஆகியோர் தம் பொறி தாமறியாமலே மீளத் தொடங்கியிருந்ததைக் கண்டனர். இதனால் எழுந்த சினம், பாதுகாப்புக்கும் வசதிக்கும் இடையிலான முரண்பாடாகவே பொதுவாக விளக்கப்படுகின்றது. அறிந்தவர் மருந்து கொடுக்கின்றனர், அறியாதவர் கசக்கின்றதென்கின்றனர் என்பது அவ்விளக்கத்தின் சாரம். வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு இவ்விளக்கம் போதாது என்பது புலனாகும். கட்டாயம் பிறந்ததற்குத் தக்க காரணம் இருந்தது. அக்காரணத்தாற் பெற்ற வழியினை நிறுவனம் வேறு தேவைகளுக்கும் பயன்படுத்தத் தலைப்பட்டமையே பூசலுக்கு வித்திட்டது.

மென்பொருளுக்கு இடும் திருத்தத்தை ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் கிழிந்த துணிக்கு இடும் ஒட்டையே குறிக்கும். துளையிட்ட தாள்நாடாக்களால் கணனிகள் இயக்கப்பட்ட காலத்தில், தவறான துளையின்மீது உண்மையாகவே தாள் ஒட்டப்பட்டது. வீட்டுக் கணனிகளின் முதற்கட்டத்தில் இவ்வொட்டுக்களைப் பெறுதலே அரிதாயிருந்தது. 1993 மார்ச்சில் வெளியான எம்.எஸ்.டொஸ் 6.0இல், வட்டின் கொள்ளளவைப் பெருக்கும் பொருட்டுச் சேர்க்கப்பட்ட சுருக்கும் நிரல், சிலருடைய தரவுகளைச் சிதைத்தது என முறைப்பாடுகள் எழுந்தன. திருத்தம் அவ்வாண்டு நவம்பரிலே 6.2 என்னும் பதிப்பாக வந்தது. அதனை வட்டிற் பெறவிரும்பியோர் சிறுதொகை செலுத்தவேண்டியிருந்தது. மருந்து தம்மைத் தேடி வரவில்லை என்பதே அக்காலத்தவர் மனக்குறை. கேளாமலே வந்துவிடுகின்றது என்னும் குறை பிந்திய தலைமுறைக்கு உரியது.

இணையம் வீடுகளுக்கு வந்ததும் இத்தூரம் குறைந்தது. 1998இல் வின்டோஸ் 98 உடன் அறிமுகமான இற்றைப்படுத்தற் சேவை, பயனர் தாமே சென்று பார்க்கும் ஓர் இணையப்பக்கமாகவே அமைந்தது. 2000ஆம் ஆண்டின் வின்டோஸ் மீ என்னும் பதிப்பிலே தன்னியக்க இற்றைப்படுத்தல் என்னும் வசதி சேர்க்கப்பட்டது. ஆயினும், வேண்டாதோர் அதனை நிறுத்திவிடலாம். அழைத்தால் வரும் வேலையாளாகவே அது இருந்தது.

அவ்வேலையாள் அழையாமலே வரவேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றமைக்குக் கணனிப்புழுக்களே காரணம். 2001 ஜூலையிற் பரவிய 'கோட் றெட்', செப்டெம்பரிற் பரவிய 'நிம்டா' ஆகியவற்றைத் தொடர்ந்து, 2002 ஜனவரி 15ஆம் நாள் பில் கேற்ஸ் தமது ஊழியர்க்கு எழுதிய மடலிலே புதிய வசதிகளிலும் பாதுகாப்புக்கு முதன்மை அளிக்கப்படவேண்டும் எனப் பணித்தார். மறுவருடம் ஜனவரியிலே 'ஸ்லாமர்' என்னும் புழு சில நிமிடங்களுக்குள் உலகெங்கும் பரவியது. அது புகுந்த ஓட்டைக்கான ஒட்டு ஆறு மாதங்களுக்கு முன்னரே, 2002 ஜூலையில், வெளியிடப்பட்டிருந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் சொந்த வலையமைப்புங்கூட அப்புழுவிலிருந்து தப்பவில்லை. ஒட்டை வெளியிட்ட நிறுவனமே தன் பொறிகள் அனைத்துக்கும் அதனை இட்டிருக்கவில்லை என்னுமிடத்து, வீட்டிலிருந்த சாதாரண பயனரின் அசட்டையைக் குறைகூறுதல் பொருத்தமன்று.

இவ்வரிசையில் 2003 ஓகஸ்ட் மாதம் தனித்து நோக்கத்தக்கது. கட்டாய இற்றைப்படுத்தலின் கருக்கொண்ட மாதம் அதுவே எனலாம். அம்மாதம் 11ஆம் நாள் 'பிளாஸ்ரர்' என்னும் புழு வின்டோஸ் 2000, வின்டோஸ் எக்ஸ்பி ஆகியவற்றைத் தாக்கியது. அதற்குரிய ஒட்டு ஜூலை 16இலேயே வெளியாகியிருந்தது. இடைவெளி ஒரு மாதமும் இல்லை. பாதிக்கப்பட்ட பொறியின் திரையிலே, அறுபது விநாடிகளுள் கணனி அணைந்து மீளத் தொடங்கும் என்னும் அறிவித்தலும் இறங்குமுகமாக எண்ணும் கடிகையும் தோன்றின. தொலைபேசி இணைப்பின் வழியே மெதுவாக ஒட்டினைப் பதிவிறக்க முயன்றவர், அது முடியுமுன்னரே பொறி அணைவதைக் கண்டு திகைத்தார். அப்புழு ஓகஸ்ட் 16ஆம் நாள் இற்றைப்படுத்தற் சேவையின் முகவரி ஒன்றையே தாக்குமாறும் நிரலாக்கப்பட்டிருந்தது. நிறுவனம் அம்முகவரியைக் கைவிட்டுத் தப்பிக்கொண்டது. பயன்பாட்டிலுள்ள பொறியைக் கேளாமலே மீளத் தொடங்கச் செய்யும் செயல், 2003இல் நோயின் அறிகுறியாகக் கருதப்பட்டது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து அதுவே மருந்தின் இயல்பாயிற்று.

அதனினும் வியப்புக்குரியது ஒருவாரத்தின் பின்னர் நிகழ்ந்தது. ஓகஸ்ட் 18ஆம் நாளளவிலே 'வெல்சியா' என்னும் பிறிதொரு புழு தோன்றிற்று. அதுவும் பிளாஸ்ரர் புகுந்த அதே ஓட்டையின் வழியே கணனிக்குட் புகுந்தது. புகுந்தபின் பிளாஸ்ரரைத் தேடி அழித்தது. பின்னர் மைக்ரோசொப்ட்டின் சேவையகத்திலிருந்து உரிய ஒட்டினைப் பதிவிறக்கி நிறுவியது. நிறுவிய பின் பொறியை மீளத் தொடங்கச் செய்தது. 2004ஆம் ஆண்டு பிறந்ததும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளுமாறும் அது அமைக்கப்பட்டிருந்தது. நன்மை செய்யும் எண்ணத்துடன் எவரோ எழுதியதெனத் தோன்றும் இப்புழுவால் விளைந்ததோ நெரிசலும் சேதமுமே. பாதுகாப்பற்ற பொறிகளை அது தேடியலைந்த வேகத்தினால் வலையமைப்புக்கள் திணறின. ஐக்கிய அமெரிக்காவின் கடற்படையும் ஈரூடகப்படையும் பயன்படுத்திய உள்வலையமைப்பே அதனால் முடக்கமுற்றது.

உரிமையாளரின் இசைவின்றி அவருடைய பொறியை அவருக்காகத் திருத்துதல் என்னும் கருத்தினை உலகெங்கும் முதன்முதலாகப் பெருமளவிற் செயற்படுத்தியது, பெயரறியா ஒருவர் எழுதிய இப்புழுவே எனக் கொள்ளின் தவறாகாது. அதனைப் புழு எனவே அனைவரும் அழைத்தனர். அதன் நோக்கம் நன்று என்பதற்காக எவரும் வாயிலைத் திறந்துவிடவில்லை. அதே செயலைத் தயாரிப்பு நிறுவனம் செய்கையில் சேவை எனப் பெயர் பெறுகின்றது. இவ்வேறுபாட்டுக்கு அடிப்படை தொழில்நுட்பம் அன்று, நம்பிக்கையும் உடன்படிக்கையுமே. அவ்வுடன்படிக்கையின் தன்மையும் கவனித்தற்குரியது. பொறி விற்கப்படுகின்றது, அதனை இயக்கும் மென்பொருளோ விற்கப்படுவதில்லை, பயன்படுத்தும் உரிமம் மாத்திரமே அளிக்கப்படுகின்றது. வீடு ஒருவருடையது, அத்திவாரம் மற்றொருவருடையது என்றாற் போன்ற இந்நிலை, அத்திவாரத்தைத் திருத்த ஆள் வரும்வரை பலருக்குப் புலப்படாமலே இருந்தது.

2003 ஒக்டோபரிலே, ஒவ்வொரு மாதத்தினதும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை ஒட்டுக்களை வெளியிடும் முறை தொடங்கப்பட்டது. 2004 ஓகஸ்டில் வெளியான எக்ஸ்பியின் இரண்டாம் சேவைப்பொதி, தன்னியக்க இற்றைப்படுத்தலைத் தெரிவுசெய்யுமாறு பயனரை வற்புறுத்திற்று. மறுப்போர்க்குச் சிவப்பு நிறக் கேடயத்தைக் காட்டி அச்சுறுத்திற்று. ஆயினும் மறுக்கும் தெரிவு இருந்தது. பெரும்பாலானோர் மறுக்கவில்லை. வருவது பாதுகாப்புத் திருத்தமே என நம்பி, கதவின் திறவுகோலைக் கொடுத்தனர்.

அந்நம்பிக்கைக்கு முதல் அடி 2006இல் விழுந்தது. வின்டோஸ் முறையாக வாங்கப்பட்டதா, களவுப்படியா எனச் சோதிக்கும் ஒரு நிரல், உயர் முன்னுரிமையுடைய இற்றைப்படுத்தலாக அவ்வாண்டு ஏப்ரல் முதல் அனுப்பப்பட்டது. அது பயனரின் பாதுகாப்புக்கு உரியதன்று. விற்பனையாளரின் வருமானத்துக்கு உரியது. முறையாக விலைகொடுத்து வாங்கியோரின் பொறிகளிலும் அது நாள்தோறும் நிறுவனத்தின் சேவையகத்துடன் தொடர்புகொண்டது என்பது ஜூன் மாதத்தில் வெளிப்பட்டபோது கண்டனம் எழுந்தது; வழக்குகளும் தொடரப்பட்டன. 2007 ஓகஸ்டில் அச்சேவையகம் பழுதுற்றபோது, நேர்மையாக வாங்கியோர் பலர் களவாளிகளாகக் காட்டப்பட்டனர். அடுத்த மாதம் மற்றொரு செய்தி வெளியாயிற்று. தன்னியக்க நிறுவலை நிறுத்திவைத்து, தம்மைக் கேட்ட பின்னரே நிறுவுமாறு பணித்திருந்தோரின் பொறிகளிலும், இற்றைப்படுத்தற் சேவை தன் சொந்தக் கோப்புக்களைக் கேளாமலே மாற்றியிருந்தது. சேவை தொடர்ந்து இயங்குவதற்கு அது இன்றியமையாதது என்பது நிறுவனத்தின் விளக்கம். தொழில்நுட்ப நோக்கில் இவ்விளக்கத்தை ஒதுக்கிவிட இயலாது. எனினும் 'வேண்டாம்' என்னும் சொல்லுக்குத் தயாரிப்பாளர் கொள்ளும் பொருள் வேறு, பயனர் கொள்ளும் பொருள் வேறு என்பது அன்றே தெளிவாயிற்று.

இவ்வாறெல்லாம் இருந்தும் 2015 வரை பூசல் அடங்கியே இருந்தது. வின்டோஸ் 10 இரு மாற்றங்களை ஒருங்கே கொணர்ந்தது. ஒன்று, முன்னர் குறிப்பிட்ட கட்டாயம். மற்றையது, பணிசெயல் முறைமையே இனிச் சேவையாக வழங்கப்படும் என்னும் கொள்கை. சிறு ஒட்டுக்கள் மாத்திரமன்றி, ஆண்டுக்கு ஓரிரு முறை முறைமை முழுவதையும் புதுக்கும் பெருமாற்றங்களும் அதே வழியே வரத்தொடங்கின. பூட்டைத் திருத்த வந்தவர் சுவரையும் இடித்துக் கட்டத் தொடங்கினார் எனக் கூறலாம்.

இக்கட்டாயம் எல்லார்க்கும் ஒரே அளவினதாக இருக்கவில்லை. தொழில்முறைப் பதிப்பை வாங்கியோர் பெருமாற்றங்களைச் சில மாதங்கள் பின்போடலாம். பெரு நிறுவனங்களுக்கான பதிப்புக்களுள் ஒன்று பெருமாற்றங்களை முற்றாகவே தவிர்க்க இடமளித்தது. வீட்டுப் பதிப்புக்கு இவற்றுள் எதுவும் இல்லை. புதிய வசதிகள் முதலில் நுகர்வோர் சந்தையிற் பயன்படுத்தப்பட்டு, அவற்றின் தரமும் ஒவ்வுந்தன்மையும் அங்கு கணிக்கப்பட்டபின், வணிக நிறுவனங்கள் அவற்றை ஏற்கலாம் என்னும் கருத்தை மைக்ரோசொப்ட் 2015 ஜனவரியிலேயே வெளிப்படையாகக் கூறியிருந்தது. வீட்டுப் பயனரின் பொறி பரிசோதனைக் களமாகும் என்பதே இதன் நேர்ப்பொருள். குறைந்த விலை கொடுத்தவர் கூடிய இடரை ஏற்கவேண்டும் என்னும் இவ்வேற்பாடு, பாதுகாப்பு என்னும் சொல்லாற் போர்த்தப்பட்டிருந்தமையால் பலரின் கவனத்துக்கு வரவில்லை.

மீளத் தொடங்குதல் ஏன் தவிர்க்கமுடியாததாயிற்று என்பதையும் கூறுதல் வேண்டும். வின்டோஸ் முறைமையிலே ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புக்கள் பூட்டப்பட்டிருக்கும். அவற்றை இடத்திலேயே அழித்து மாற்றீடு செய்ய இயலாது. முறைமையின் மூலக்கோப்புக்கள் எப்பொழுதும் பயன்பாட்டில் இருப்பவை. எனவே அவற்றை மாற்றும் வேலை, பொறி அணைந்து மீள எழும் இடைவேளைக்கு ஒத்திவைக்கப்படுகின்றது. யுனிக்ஸ் மரபைச் சார்ந்த முறைமைகளிலோ, ஓடும் நிரல் பழைய கோப்பைப் பிடித்திருக்கையிலேயே அதே பெயரிற் புதியதை வைத்துவிடலாம். கருவைத் தவிர ஏனையவற்றுக்கு முழுப்பொறியையும் அணைக்கவேண்டிய தேவை அங்கு குறைவு. 2008இல் வெளிவந்த கூகிளின் குரோம் உலாவியும் தொடக்கம் முதலே தன்னைத் தானாகவே இற்றைப்படுத்திக்கொண்டது. அதற்கெதிராக இத்தகைய சினம் எழவில்லை. வேலை குலையாதவிடத்துத் தன்னியக்கத்தை மக்கள் பெரிதும் எதிர்ப்பதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி, 2015க்கும் 2016க்கும் இடைப்பட்ட அந்த ஓராண்டுக்கு வரலாம். 2015 ஏப்ரலில், இரண்டு மூன்று ஆண்டுகளுள் நூறு கோடிச் சாதனங்களில் வின்டோஸ் 10 இயங்கும் என மைக்ரோசொப்ட்டின் வின்டோஸ் பிரிவுத் தலைவர் ரெறி மயர்சன் அறிவித்தார். வின்டோஸ் 7, 8.1 ஆகியவற்றைப் பயன்படுத்தியோர்க்குப் புதிய பதிப்பு ஓராண்டுக்கு இலவசம் எனவும் கூறப்பட்டது. இலக்கு பெரிது, காலம் சிறிது. அவ்விலக்கை அடைவதற்கு எக்ஸ்பி காலத்திற் பெற்ற அந்தத் திறவுகோல் பயன்பட்டது. கேபி 3035583 என்னும் எண்ணுடைய இற்றைப்படுத்தல், பரிந்துரைக்கப்பட்ட திருத்தம் என்னும் பெயரிலே பழைய பதிப்புக்களுக்கு அனுப்பப்பட்டது. அதன் வேலை எந்த ஓட்டையையும் அடைப்பதன்று. புதிய பதிப்பை ஏற்குமாறு அழைக்கும் ஒரு விளம்பரத்தைத் திரையின் மூலையில் வைப்பதே அதன் வேலை. அதனை மறைத்துவைத்தோரின் பொறிகளில் அது புதிய வடிவில் மீண்டும் தோன்றிற்று. 2015 செப்டெம்பரில், புதிய பதிப்பை வேண்டாதோரின் வட்டுக்களிலும் பல கிகாபைட் அளவுடைய நிறுவற்கோப்புக்கள் மறைந்த கோப்புறையொன்றிற் பதிவிறக்கப்பட்டிருந்தமை வெளியாயிற்று. மாதாந்தத் தரவளவுக்கு எல்லை வகுத்துக் கட்டணம் அறவிடும் முறை நிலவிய இலங்கை போன்ற நாடுகளில் இது வெறும் எரிச்சலன்று, பணச்செலவு. மத்திய ஆபிரிக்கக் குடியரசிலே வனவிலங்கு வேட்டையைத் தடுக்கும் காவலர்க்கு உதவிய குழுவொன்று, செய்மதி இணைப்பின் வழியே தன் மடிக்கணனிகள் இப்பெரும் பதிவிறக்கத்தில் இறங்கியதைக் கண்டு முறையிட்டதாக 2016இற் செய்தி வந்தது.

2016 பெப்ரவரியில் வின்டோஸ் 10 தானே பரிந்துரைக்கப்பட்ட இற்றைப்படுத்தலாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் அயோவா மாநிலத் தொலைக்காட்சி நிலையமொன்றில் வானிலை அறிவித்துக்கொண்டிருந்தவரின் வரைபடத்தின்மீது, நேரடி ஒளிபரப்பிலேயே, மேம்படுத்துமாறு கோரும் சாளரம் வந்து விழுந்தது. அவர் சிரித்துச் சமாளித்தார். மே மாதத்தில் நிகழ்ந்தது சிரிப்புக்குரியதன்று. மேம்படுத்தல் குறித்த நேரத்தில் நடைபெறும் என அறிவிக்கும் சாளரத்தை, அதன் மூலையிலுள்ள சிவப்புப் பெருக்கற்குறியை அழுத்தி மூடினால், அச்செயல் மறுப்பாகவன்றி இசைவாகக் கொள்ளப்பட்டது. சாளரத்தை மூடும் குறிக்குப் பொருள் 'வேண்டாம்' என்பது அந்நிறுவனமே இருபது ஆண்டுகளாகப் பயனர்க்குக் கற்பித்த பாடம். தான் கற்பித்த மொழியின் பொருளைத் தானே சொல்லாமல் மாற்றிய இச்செயலே, கட்டாய இற்றைப்படுத்தலின் வரலாற்றில் மிகவும் வெறுக்கப்பட்டது. ஈராண்டுப் பழக்கமின்மையால் நேர்ந்த குழப்பமென இதனைத் தள்ளிவிட இயலாது. அந்நிறுவனத்தின் சந்தைப்படுத்தற் பிரிவுத் தலைவர் கிறிஸ் கப்பொசெலா, எல்லை கடந்துவிட்டோம் என்னும் கருத்துப்பட அவ்வாண்டு டிசெம்பரில் தாமே ஒப்புக்கொண்டார்.

இதற்கிடையிற் கலிபோர்னியாவின் சோசலிற்றோ நகரிற் பயண முகவர் தொழில் நடத்திய பெண்மணி ஒருவர், தாம் கேளாத மேம்படுத்தலால் தமது அலுவலகக் கணனி செயலிழந்ததெனச் சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்தை அணுகினார். நீதிமன்றம் அவருக்குப் பத்தாயிரம் டொலர் வழங்கத் தீர்ப்பளித்தது. நிறுவனம் மேன்முறையீட்டைக் கைவிட்டமை 2016 ஜூனிற் செய்தியாயிற்று. தவறு எதனையும் ஏற்றுக்கொள்ளவில்லை. மேலதிக வழக்குச்செலவைத் தவிர்க்கவே அவ்வாறு செய்தது என அது விளக்கமளித்தது. அம்மாத இறுதியிலே இலவச அழைப்பை மறுப்பதற்கெனத் தெளிவான தெரிவுடன் கூடிய புதிய சாளரம் அறிவிக்கப்பட்டது. அழைப்பின் காலம் முடிய அப்போது ஒரு மாதமே எஞ்சியிருந்தது. ஜேர்மனியில் பாடன்-வூட்டம்பேர்க் மாநில நுகர்வோர் மையம் தொடுத்த வழக்கின் விளைவாக, பயனரின் இசைவின்றிப் புதிய பணிசெயல் முறைமையின் நிறுவற்கோப்புக்களை அவருடைய வட்டில் இறக்குவதில்லை என 2017 ஓகஸ்டில் நிறுவனம் உறுதிமொழி அளித்தது.

இந்த ஓராண்டிற் பயனர் கற்றுக்கொண்டது யாது? ஒட்டு என்னும் பெயரில் வரும் எதனையும் ஐயுறவேண்டும் என்பதே. ஸ்டீவ் கிப்சன் எழுதிய 'நெவர் 10' போன்ற தடுப்பு நிரல்கள் பரவின. கட்டண இணைப்பு எனப் பொய்யாகக் குறித்துவைத்துப் பதிவிறக்கத்தைத் தடுக்கும் உபாயத்தை ஒருவர் மற்றவர்க்குக் கற்பித்தார். இற்றைப்படுத்தற் சேவையையே அடியோடு நிறுத்தியோரும் உளர். வின்டோஸ் 7 பயன்படுத்தியோர் ஒவ்வோர் ஒட்டின் எண்ணையும் ஆராய்ந்து, வேண்டியதை ஏற்று வேண்டாததை விலக்கினர். 2016 ஒக்டோபர் முதல் பழைய பதிப்புக்களுக்கும் அம்மாதத்துத் திருத்தங்கள் யாவும் ஒரே மூட்டையாக வழங்கப்பட்டமையால் அத்தெரிவும் அற்றுப்போயிற்று. முழுவதையும் ஏற்பது அல்லது முழுவதையும் மறுப்பது என்னும் நிலை உருவாயிற்று.

நம்பிக்கை இவ்வாறு தேய்ந்திருந்த வேளையிலேதான் 2017 மே 12ஆம் நாள் 'வொன்னாகிறை' வந்தது. அது புகுந்த ஓட்டைக்கான ஒட்டு மார்ச் 14இல் வெளியாகியிருந்தது. 2003இன் கதை மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. பிரித்தானிய தேசிய சுகாதார சேவையில் இங்கிலாந்தின் மருத்துவமனை நிர்வாகங்களுள் மூன்றிலொரு பங்கு பாதிப்புற்றது. ஆயிரக்கணக்கான நோயாளரின் சந்திப்புக்கள் கைவிடப்பட்டன. தாக்குண்ட பொறிகளுட் மிகப்பெரும்பாலானவை வின்டோஸ் 7 இயங்கியவை எனக் கஸ்பெர்ஸ்கி நிறுவனம் கணித்தது. கட்டாயமாக இற்றைப்படுத்தப்பட்ட வின்டோஸ் 10 பொறிகள் பெரும்பாலும் தப்பின. கட்டாயத்தை ஆதரிப்போர்க்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை. அதனை மறுத்தல் நேர்மையுமாகாது. ஆயின் அச்சான்று பாதுகாப்பு ஒட்டுக்குரியது. திரை மூலையில் விளம்பரத்தை வைத்த கேபி 3035583க்கு உரியதன்று. இவ்விரண்டையும் ஒரே குழாயில் அனுப்பியவரே, குழாயை மக்கள் அடைத்தபோது அதன் பொறுப்பிலும் பங்கேற்கவேண்டியவராவார்.

குழாயே நஞ்சூட்டப்படலாம் என்பதும் இக்காலத்தில் வெளிப்பட்டது. 2012இற் கண்டறியப்பட்ட 'பிளேம்' என்னும் உளவு நிரல், போலிச் சான்றிதழின் துணையுடன் வின்டோஸ் இற்றைப்படுத்தல் போல வேடமிட்டுப் பரவியது. 2017 ஜூன் 27இல் உக்ரேனில் தொடங்கி உலகைத் தாக்கிய 'நொட்பெற்யா', அந்நாட்டிற் பரவலாக வழங்கிய கணக்கியல் மென்பொருள் ஒன்றின் இற்றைப்படுத்தலின் வழியே நுழைந்தது. அங்கு காலந்தவறாது இற்றைப்படுத்தியவரே முதலில் வீழ்ந்தார்.

பரிசோதனைக் களம் என முன்னர் கூறப்பட்டதன் விளைவு 2018 ஒக்டோபரிற் காணப்பட்டது. அம்மாதம் 2ஆம் நாள் வெளியான பெருமாற்றம், சிலருடைய ஆவணக் கோப்புறையிலிருந்த கோப்புக்களை அழித்துவிட்டது. கோப்புறையை வேறு வட்டுக்கு மாற்றியபின்னும் பழைய இடத்திற் கோப்புக்களை விட்டிருந்தோரின் பழைய கோப்புறை, வெறுமையான இரட்டைப்பிரதி எனக் கருதப்பட்டு நீக்கப்பட்டமையே காரணம். இவ்வழுவை முன்னோட்டப் பதிப்பைச் சோதித்தோர் சிலர் முன்னரே அறிவித்திருந்தனர். அவ்வறிவித்தல்கள் பல்லாயிரம் முறைப்பாடுகளிடையே அமிழ்ந்துபோயின. சில நாட்களில் வெளியீடு நிறுத்தப்பட்டு, நவம்பர் 13இல் மீண்டும் தொடங்கிற்று. பாதிப்பை முறையிட்டோர் பதினாயிரத்தில் ஒருவர் என நிறுவனம் கூறியது. கணக்கு சரியாகவே இருக்கலாம். கோப்பை இழந்தவருக்கு, தாம் கேட்டுப்பெறாத மாற்றத்தால் இழந்தோம் என்பதே கணக்கு.

இதன் பின்னரே பிடி தளர்ந்தது. 2016 ஓகஸ்டில் வந்த, நாளின் சில மணிநேரத்தை மீளத் தொடங்காப் பொழுதாகக் குறிக்கும் வசதி போதுமானதாக இருக்கவில்லை. 2019 மே மாதப் பதிப்பில், வீட்டுப் பயனரும் இற்றைப்படுத்தலை ஒருமுறைக்கு ஏழு நாளாக முப்பத்தைந்து நாள்வரை நிறுத்திவைக்கலாம் எனவும், பெருமாற்றத்தை எப்போது தொடங்குவதென அவரே தெரியலாம் எனவும் விதிக்கப்பட்டது. அவர் பயன்படுத்தும் பதிப்பின் ஆதரவுக்காலம் முடியும்வரையே அத்தெரிவு செல்லும். மாதாந்தப் பாதுகாப்பு ஒட்டுக்களுக்கும் விற்பனையாளர் விரும்பும் மாற்றங்களுக்கும் இடையில் ஒரு கோடு, மெல்லியதாயினும், நான்கு ஆண்டு முறைப்பாட்டின் பின் இவ்வாறு வரையப்பட்டது.

வின்டோஸ் 10 இறுதிப் பதிப்பாகும் என 2015 மே மாதத்தில் மாநாடொன்றில் அந்நிறுவன ஊழியர் ஒருவர் கூறியிருந்தார். 2021 ஒக்டோபர் 5இல் வின்டோஸ் 11 வெளியானது. குறித்த பாதுகாப்புச் சில்லும் அண்மைக்கால நுண்செயலியும் அதற்கு வேண்டும் என விதிக்கப்பட்டமையால், 2016இல் வேண்டாமென்றபோதும் மேம்படுத்தப்பட்ட பொறிகளுட் பெரும்பாலானவை, இப்போது வேண்டுமென்றாலும் மேம்படுத்தப்பட இயலாதவையாயின. 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் வின்டோஸ் 10க்கான இலவச ஒட்டுக்கள் நிறுத்தப்பட்டன. மேலும் ஓராண்டுக்கு, 2026 ஒக்டோபர் 13 வரை, பாதுகாப்பு ஒட்டுக்களைப் பெறவிரும்பும் வீட்டுப் பயனர் முப்பது டொலர் செலுத்தலாம், அல்லது நிறுவனத்தின் வெகுமதிப் புள்ளிகள் ஆயிரத்தை ஈடுசெய்யலாம், அல்லது தம் கணனியின் அமைப்புக்களை நிறுவனத்தின் சேவையகத்திற் சேமித்துவைக்க இசையலாம் என அறிவிக்கப்பட்டது. நுகர்வோர் அமைப்புக்களின் வற்புறுத்தலின் பின்னர், ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் வாழ்வோர்க்கு மாத்திரம், நிறுவனக் கணக்கொன்றின்வழி உட்புகுந்தாற் போதும் என்னும் அளவில், கட்டணமும் அச்சேமிப்பு நிபந்தனையும் நீக்கப்பட்டன.